விருந்துக்கு வந்த மோட்டார்கள்

பாலகோபால் தன் வேனைத் தோட்டத்துக்குள் திருப்பி நிறுத்தியதும், பொங்கியண்ணன் அவனை மேடைக்கு அழைத்துப் போகவில்லை. டிரான்ஸ்பார்மருக்கு அழைத்துப் போனார்.

வாசலுக்கு எதிரே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். கம்பத்தின் இடுப்பில் ஒரு செவ்வந்தி மாலை தொங்கியது. மணமக்களுக்கு வாங்கும்போதே கணக்கில் சேர்த்து வாங்கியதுபோல அதே பூ, அதே கட்டு.

"அறுபத்து மூணு கே.வி.ஏ. தம்பி" என்றார் பொங்கியண்ணன். "இதைய இங்க கொண்டாரதுக்கு நான் நடந்த நடைய பழனிக்கு நடந்திருந்தா, முருகனே எறங்கி வந்து என்ன வேணும்னு கேட்டிருப்பான்."

அது 1996ஆம் ஆண்டு ஆவணி மாதம். பத்து வருடமாக நடக்காத உள்ளாட்சித் தேர்தல் நடக்கப்போவது உறுதியாகியிருந்தது. கிணத்துக்கடவுக்கு மேற்கே உள்ள அந்தச் சிற்றூரில் ஊராட்சித் தலைவர் பதவிக்குப் பொங்கியண்ணன் நிற்கிறார். அவர் ஊருக்குச் செய்ததாகச் சொல்லிக்கொள்ள அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதற்குத்தான் மாலை போட்டிருந்தது. அதற்கு முன் அந்தப் பக்கத்துத் தோட்டங்களெல்லாம் தொலைவிலிருந்த ஒரு பழைய டிரான்ஸ்பார்மரின் வால்முனையில் தொங்கிக்கொண்டிருந்தன. இப்போது பதினேழு மோட்டார்களும் எழுபது வீடுகளும் இதில்தான். சுவரொட்டிக்கு எழுதிக் கொடுத்திருந்த வாசகத்தில் அவர் பெயருக்கு முன்னால் 'ஒளி தந்த' என்று இருந்தது.

பாலகோபால் பீளமேட்டுக்காரன். அவன் குடும்பம் நூற்பாலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறை வைத்திருந்தது. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். படித்ததற்கும் பட்டறைக்கும் நடுவில் கிடைத்த சந்தில் இரண்டு சி.டி. பிளேயர், ஒரு மிக்சர், இரண்டு ஆம்ப்ளிபயர், ஆளுயர ஸ்பீக்கர் நான்கு என்று சேர்த்துக்கொண்டு, கோவையில் அப்போதுதான் காதில் விழத் தொடங்கியிருந்த டி.ஜே. என்ற தொழிலுக்கு வந்தவன். மாப்பிள்ளை மனோஜ்குமார் அவனோடு கல்லூரியில் படித்தவன். கல்யாணம் முந்தின நாள் கோவை மண்டபத்தில் முடிந்துவிட்டது. இன்று பெண்ணின் அப்பா பொங்கியண்ணன் தோட்டத்தில் கறி விருந்து. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆட வேண்டும், சம்பந்தி வீட்டார் அசர வேண்டும், ஊர் இளைஞர்கள் ஓட்டுப் போட வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆளாக பாலகோபாலை அழைத்திருந்தார்கள்.

"எதுக்கும் ஒரு ஜெனரேட்டர் சொல்லி வெச்சுக்கலாங்ணா" என்றான் அவன். "கிணத்துக்கடவுல அமீர் ஹம்சா பாய்கிட்ட வாடகைக்கு இருக்குதுங்க. எங்க போனாலும் நான் மொதல்ல அதைத்தான் கேப்பேன்."

பொங்கியண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படவில்லை. அந்த ஊரில் கோபத்தைக்கூட மரியாதையாகத்தான் காட்டுவார்கள்.

"ஏந்தம்பி, ஊருக்கே கரண்ட் கொண்டாந்தவன் ஊட்டு விருந்துல ஜெனரேட்டர் ஓடுனா, பாக்கறவன் என்னன்னு நெனைப்பான்? மாலை போட்டு வெச்சிருக்கறது அழகுக்குன்னா?"

பாலகோபால் வேனுக்குத் திரும்பினான். மேடைக்குப் போய்ப் பெட்டிகளை இறக்கினான். மீட்டரை எடுத்துப் பிளக்கில் வைத்துப் பார்த்தான். இருநூற்று முப்பத்தைந்து வோல்ட். பீளமேட்டில் அவன் வீட்டில்கூட இவ்வளவு வராது. ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தான். தென்னந்தோப்பில் இருந்த மயில்கள் எழுந்து அடுத்த தோட்டத்துக்குப் போயின. பொங்கியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எப்படி?" என்பதுபோல டிரான்ஸ்பார்மரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிற்பகலில் பந்தல் நிறைந்தது. ஊரில் ஒரு தலைகூட மிச்சமில்லாமல் வந்திருந்தார்கள். சம்பந்தி வீட்டார் இரண்டு பேருந்துகளில் கோவையிலிருந்து வந்து இறங்கினார்கள். பொங்கியண்ணனை எதிர்த்து நிற்கும் செங்கோட்டையனும் வந்து, முன்வரிசையில், முழுக்கை வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அவர் பொங்கியண்ணனுக்கு மச்சான் முறை. மச்சான் வீட்டு விருந்துக்கு வராமல் இருப்பது தேர்தலில் தோற்பதைவிடக் கேவலம்.

மணமக்கள் வந்து அமர்ந்தார்கள். மணப்பெண் லோகப்பிரியா மாப்பிள்ளையின் காதில் ஏதோ சொன்னாள். மனோஜ்குமார் மேடையைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினான். பாலகோபால் பொத்தானை அழுத்தினான்.

பாட்டின் தொடக்கத்தில் ஒரு புல்லாங்குழல் வரும். அது நன்றாக வந்தது. அடுத்து மேளம் இறங்க வேண்டிய இடத்தில் ஆம்ப்ளிபயருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பந்தலில் தொங்கிய குண்டு பல்புகள் பழுத்த பப்பாளிபோல ஆயின. ஆடுவதற்குக் கையைத் தூக்கியிருந்தவர்கள் தூக்கியபடியே நின்றார்கள்.

பாலகோபால் அசரவில்லை. கச்சேரிக்குக் கச்சேரி அவன் செய்யும் வேலைதான். முதலில் தன் பக்கத்துக் குற்றம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பிளக்கை அசைத்துப் பார்த்தான். பியூசைக் கழற்றிப் பார்த்தான். ஒயரை நீளம் முழுக்கக் கையால் தடவி எங்காவது சூடேறியிருக்கிறதா என்று பார்த்தான். ஸ்டெபிலைசரில் காதை வைத்தான். அது கடகடவென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. மீட்டரை வைத்தான். நூற்று ஐம்பது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூற்று நாற்பத்தெட்டு.

பிறகு மீட்டர் திடீரென்று மேலே ஏறியது. நூற்று எண்பது, இருநூறு. பல்புகள் வெளுத்தன. சி.டி. பிளேயர் தானே விழித்துக்கொண்டு, நல்ல பிள்ளைபோல, பாட்டை முதலிலிருந்து தொடங்கியது. புல்லாங்குழல் வந்தது. கைகள் உயர்ந்தன. மேளத்துக்கு முன்னால் 'டக்.'

இப்படியே ஐந்தாறு தரம் நடந்தது. சம்பந்தி வீட்டு வரிசையில் ஒரு பெரியவர், "புல்லாங்குழல் மட்டுந்தான் சொல்லியிருக்காங்களாட்ட இருக்குது" என்றார். பக்கத்திலிருந்தவர், "பத்தியமா இருக்கட்டும்னு உட்டிருப்பாங்க" என்றார்.

பாலகோபால் ஒயரை எடுத்துக்கொண்டு வீட்டின் மெயின் போர்டுக்குப் போனான். மூன்று பேஸ் கம்பிகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாற்றினான். அங்கும் அதே கதை. மூன்றாவதற்கு மாற்றினான். அதே கதை. குற்றம் தன்னுடையதல்ல, வீட்டுடையதும் அல்ல என்று தெரிந்துகொண்டு வெளியே வந்து நின்றபோதுதான் அவனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. பாட்டு நின்றிருந்ததால் கேட்டது. நாலா பக்கமும், தென்னைகளுக்கு அப்பால், தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம்.

பொங்கியண்ணன் வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டு வந்தார். "என்ன தம்பி, உங்க பொட்டியில ஏதாச்சும் கோளாறுங்களா?"

"பொட்டி நல்லாருக்குதுங்ணா. மோட்டாருக்கு உடற த்ரீ பேஸ் வந்துருச்சுங்களா இப்ப?"

"இந்த வாரம் நமக்குப் பகல்ல இந்நேரத்துக்குத்தான். ஏன்?"

"அதா கேளுங்க. அத்தனை மோட்டாரும் ஓடுது. இந்த டிரான்ஸ்பார்மர் பத்து மோட்டார் தாங்கும்ங்க. பதினேழும் ஒண்ணா எடுத்தா வோல்டேஜ் படுத்துக்கும். படுத்தா நாலஞ்சு மோட்டார் தானா உழுந்து நின்னுரும். உழுந்தா வோல்டேஜ் ஏறும், பாட்டு வரும். ஏறுனதும் உழுந்த மோட்டார் மறுபடியும் எடுக்கும், பாட்டு போயிரும்."

பொங்கியண்ணன் கேட்டுக்கொண்டார். பிறகு பந்தலைத் திரும்பிப் பார்த்தார். "ஆளுக எல்லாம் இங்கல்ல உக்காந்திருக்குது? மோட்டாரப் போட்டது ஆரு?"

"அதைத்தாங்ணா நானும் கேக்கறேன்."

அப்போது பின்னாலிருந்து ராசாத்தாளின் குரல் வந்தது. பொங்கியண்ணனின் மனைவி. கையில் இலைக்கட்டு இருந்தது.

"ஆரு போட்டாங்களா? நீங்கதான் போட்டீங்க."

"நானா?"

"பத்திரிகை வெக்கப் போன ஊட்டுக்கெல்லாம், மோட்டார் போட ஆளு வேணுமேன்னு ஆரும் நின்னுக்கப்படாதுன்னு, கோயமுத்தூர் கணபதியில உங்க அக்கா மகன் கடையிலிருந்து ஆட்டோ சுவிட்ச் வாங்கியாந்து தாம்பாளத்துல வெச்சுக் குடுத்தது ஆருங்க? கரண்ட் வந்தா அதுவே போட்டுக்கும், நீங்க குடும்பத்தோட விருந்துக்கு வாங்கன்னு சொன்னது ஆருங்க? வந்துட்டாங்க. அதுவும் போட்டுக்கிச்சு."

சுவிட்ச் கொடுத்தது உண்மைதான். ஓட்டுக்கு ஒரு சிறு அன்பளிப்பு என்று யாரும் சொல்லிவிடாதபடி, வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தார். அதற்கு முன் ஊரில் மோட்டார் போடுவதற்குப் பேசாத ஒரு முறை இருந்தது. கரண்ட் வந்ததும் கிணற்றடிக்குப் போகிறவர் வோல்ட் மீட்டரைப் பார்ப்பார். முள் இறங்கியிருந்தால், முந்திக்கொண்டவனைத் திட்டிவிட்டு, ஒரு பீடி பற்றவைத்துக் காத்திருப்பார். பீடிக்கும் திட்டுக்கும் நடுவில் பதினேழு மோட்டாரும் ஒருவாறு ஓடிவிடும். ஆட்டோ சுவிட்சுக்குப் பீடி பழக்கம் இல்லை.

"சேரி, ஆனது ஆச்சு" என்றார் பொங்கியண்ணன். "நாலு பேருகிட்டப் பதனமாச் சொல்லி, சித்த நேரம் நிறுத்தச் சொல்லலாம்."

அவர் பந்தலுக்குள் போனார். நிறுத்தச் சொல்வது எளிதல்ல என்று அவருக்குத் தெரியும். விருந்துக்கு வந்தவரைப் பார்த்து, 'எழுந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வாருங்கள்' என்பது, 'எழுந்து போங்கள்' என்பதற்கு ரொம்பப் பக்கம். அதனால் சுற்றி வளைத்துக் கேட்டார்.

"ஏனுங்க பங்காளி, சாப்பாடெல்லாம் ஆச்சுங்களா? மோட்டாருகீட்டாரு ஏதாச்சும் ஓடுதுங்களா?"

"எங்கீங்க ஓடுது? கெணத்துல தண்ணி இருந்தாத்தானுங்களே. உங்க சுவிட்ச அப்படியே சாமி படத்துக்குக் கீழ வெச்சிருக்கறேனுங்க."

"ஏனுங்க மாப்பிள்ளை, நம்ம மோட்டாரு?" என்று முறைக்கு மாப்பிள்ளையான கிழக்குத் தோட்டக்காரரிடம் கேட்டார்.

"உள்ள காயல் கருகிப்போயி, மறுபடி காயல் கட்டக் குடுத்து மாசமாச்சுங்க மாமா. அக்கட்டால மச்சாண்டாருதுதான் ரண்டு போரும் ஓடுதாட்ட இருக்குது" என்று செங்கோட்டையன் பக்கம் கண்ணைக் காட்டினார்.

ஒருவர் விடாமல் எல்லோரும் மறுத்தார்கள். தன் மோட்டார் ஓடுகிறது என்று ஒப்புக்கொண்டால் தன் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகும். ஒப்புக்கொண்டால் நிறுத்த வேண்டியிருக்கும். பக்கத்துத் தோட்டக்காரனின் போர்வெல் மோட்டார் ஓடும்போது தன்னுடையதை நிறுத்தினால், பூமிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் அவன் பக்கம் போய்விடும் என்பதில் அந்த ஊரில் கட்சி வேறுபாடு கிடையாது. தக்காளி பூவெடுத்திருந்த நேரம் வேறு.

கடைசி வரிசையில் காளியாத்தாள் மட்டும் உள்ளதைச் சொன்னாள். புருஷன் போனபின் தனியாக நாலு ஏக்கர் பார்க்கிறவள்.

"என்றது ஓடுதுங் கொழுந்தனாரே. ஏன் பொய் சொல்லோணும்? மத்தவங்க நிறுத்துனா நானும் நிறுத்தறேன். மொதல்ல உங்களுது ரண்டும் ஓடுதே, அது?"

பொங்கியண்ணனுக்கு இரண்டு மோட்டார்கள். அவை வீட்டுக்குப் பின்னால் இரைந்துகொண்டுதான் இருந்தன. அவர் அதைப் பற்றி இதுவரை நினைக்கவே இல்லை. பாலகோபாலிடம் திரும்பி வந்து, "நம்முளுது ஒண்ண நிறுத்துனாப் போதுங்களா?" என்று, பல்லைப் பிடுங்கக் கொடுப்பவர்போலக் கேட்டார்.

"ரண்டையும் நிறுத்திப் பாக்கலாங்ணா."

"ஒண்ண நிறுத்திப் பாக்கலாம்."

ஒன்றை நிறுத்தினார்கள். மீட்டர் மெல்ல ஏறியது. நூற்று அறுபது, அறுபத்தைந்து. பாலகோபால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அறுபத்தெட்டில் கிழக்கே எங்கோ ஒரு மோட்டார் உறுமி எழுந்தது. மீட்டர் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. இவர் விட்டுக்கொடுத்த கரண்டை இன்னொரு ஆட்டோ சுவிட்ச் நன்றியோடு எடுத்துக்கொண்டது.

"அது ஆருதுங்ணா?"

பொங்கியண்ணன் காதைக் கொடுத்துக் கேட்டார். "காயல் கட்டக் குடுத்த மோட்டாரு" என்றார்.

அவர் போய்த் தன் மோட்டாரை மறுபடி போட்டுவிட்டு வந்தார்.

பந்தலில் இப்போது பேச்சு கூடியிருந்தது. மாப்பிள்ளையின் நண்பர்கள் புல்லாங்குழல் வரும்போதெல்லாம் விசிலடித்தார்கள். செங்கோட்டையன் எழுந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படியும் யாருக்கும் வருத்தம் வராதபடியும் பேசினார்.

"ஏனுங் மச்சான், நான் ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? என்ற ஊட்டுல ஜெனரேட்டர் சும்மாதான் கெடக்குது. டிராக்டர்ல போட்டுச் சித்த நேரத்துல கொண்டாந்தர்லாம். வந்திருக்கற ஒறம்பரை சனங்க முன்னால நம்ம ஊர்ப் பேரு கெட்டுறப் படாதல்லங்க?"

இதைவிட மரியாதையாக ஒருவரைக் கழுத்தில் மிதிக்க முடியாது. பொங்கியண்ணன் சிரித்தார். "உங்களுக்கு எதுக்குங் மச்சான் சிரமம். இப்பச் சரியாயிரும்" என்றார். சொல்லிவிட்டு, பாலகோபாலின் கையைப் பிடித்து மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, நேராவே கேக்கறேன். இப்ப நான் ஜெனரேட்டர் வெச்சா என்ன ஆகும்?"

"பாட்டு வருமுங்க."

"பாட்டு வரும். பொங்கியண்ணன் கொண்டாந்த டிரான்ஸ்பார்மர் ஒரு பாட்டுக்குத் தாங்கலீன்னு பேரும் வரும். ஓட்டு அத்தனையும் அந்தாளுக்குப் போயிரும். இதே, கரண்டே போயிருச்சுன்னு வைங்க?"

"போயிருச்சுன்னா?"

"மேல எங்கியோ போச்சு. லைன்ல போச்சு. மழையில போச்சு, காத்துல போச்சு. கரண்ட் கட்டுக்கு நானாங்க பொறுப்பு? அப்ப ஜெனரேட்டர் வெச்சா, ஆளு முன்யோசனைக்காரன்னுதானே சொல்லுவான்?"

பாலகோபால் அதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். தர்க்கத்தில் குறை இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை. குறைந்த மின்சாரம் கொண்டுவந்தவரின் குற்றம். இல்லாத மின்சாரம் யாருடைய குற்றமும் அல்ல.

"போகலீங்களே அண்ணா" என்றான்.

"போகும்" என்றார் பொங்கியண்ணன்.

டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் ஆள் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி இருக்கும். கீழே இழுத்தால் மேலே கம்பிகள் விலகி, மொத்தமும் நின்றுவிடும். கண்டவர் இழுக்காதபடி அதற்கு ஒரு பூட்டு. பழைய பூட்டு துருப்பிடித்துத் தெறித்துப் போனபோது, கரண்ட் ஆபீசுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தவர் பொங்கியண்ணன். வாங்கியபோது அதற்கு இரண்டு சாவிகள் இருந்தன. கொடுத்தபோது ஒன்றுதான் இருந்தது.

அவர் முதலில் வீட்டுக்குள் போய் அமீர் ஹம்சாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்தார். பிறகு, மூன்றாம் பந்திக்கு இலை போட்டு எல்லோர் முகமும் கறியைப் பார்த்துக் கிடந்த நேரத்தில், வாசல் பக்கமாக நடந்தார். சற்று நேரத்தில் பல்புகள் அணைந்தன. ஸ்டெபிலைசர் பல்லைக் கடிப்பதை நிறுத்தியது. நாலா பக்கமும் தண்ணீர் விழும் சத்தம் மெலிந்து, சொட்டி, நின்றது.

பொங்கியண்ணன் வேறொரு வழியாகப் பந்தலுக்குள் வந்தார். "என்னுங்க, கரண்ட் போயிருச்சுங்களா?" என்று சம்பந்தியிடம் கேட்டார்.

ஜெனரேட்டர் டெம்போவில் வந்தது. சம்பந்தி வீட்டுப் பெரியவர், "பரவாயில்லீங்க, எல்லாம் தயாரா வெச்சிருக்கறீங்க" என்றார். பொங்கியண்ணன் பணிவாகத் தலையாட்டிக்கொண்டார். பாலகோபால் ஒயரை மாற்றி, மீட்டரை வைத்துப் பார்த்து, பொத்தானை அழுத்தினான். புல்லாங்குழல் வந்தது. ஒரு நொடி பந்தலே மூச்சைப் பிடித்தது. மேளம் இறங்கியது. மாப்பிள்ளையின் நண்பர்கள் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். ஊர் இளைஞர்கள் சேர்ந்துகொண்டார்கள். லோகப்பிரியா உட்கார்ந்த இடத்திலேயே தோளை ஆட்டினாள். ராசாத்தாள் தூரத்திலிருந்து கண்ணை உருட்டியதும் நிறுத்தினாள்.

ஆனால் நாற்காலிகளில் இருந்த உள்ளூர்ப் பெரியவர்களைப் பாட்டு தொடவில்லை. அவர்கள் தலையைச் சாய்த்து, மேளத்துக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளிகளில், தங்கள் தங்கள் தோட்டத்துத் திசையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒன்றும் கேட்கவில்லை. மும்முனை மின்சாரம் வரும் நேரம் ஒவ்வொரு நிமிடமாகப் போய்க்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீரே இல்லை என்றவர் இரண்டு தடவை எழுந்து வெளியே போய் கம்பியைப் பார்த்துவிட்டு வந்தார். மோட்டாரைக் காயல் கட்டக் கொடுத்தவர் இலையை மூடிவிட்டார்.

"மச்சான், உங்க போன்ல ஒரு பேச்சுப் பேசிக்கட்டுங்களா?" என்று செங்கோட்டையன் கேட்டார். இல்லை என்று சொல்ல வழியில்லை. அவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வெளியே வந்தார். அவர் முகத்தில் ஒரு சாந்தம் இருந்தது.

"கரண்ட் ஆபீசுல கேட்டனுங்க. லைன்ல எங்கியும் போகலீங்களாம். நம்ம டிரான்ஸ்பார்மர் வரைக்கும் வந்து நிக்குதாம். கைப்பிடியப் போய்ப் பாருங்கன்னாங்க."

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரியவர்கள் எழுந்தார்கள். யாரும் வேகமாக நடக்கவில்லை. ஆனால் யாரும் பின்தங்கவும் இல்லை. பொங்கியண்ணனும் கூடப் போனார். போகாமல் இருந்தால் அதுவே பதிலாகிவிடும். பாலகோபால் பாட்டை ஓட விட்டுவிட்டுப் பின்னால் போனான்.

செவ்வந்தி மாலைக்குக் கீழே கைப்பிடி இறங்கியிருந்தது. அதில் பூட்டு ஒழுங்காகப் பூட்டித் தொங்கியது.

ஒருவர் பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு செங்கோட்டையன், "பொடுசுக வெளையாட்டாட்ட இருக்குதுங் மச்சான்" என்றார்.

"அப்படித்தான் இருக்குமுங்க" என்றார் பொங்கியண்ணன்.

"ஆமாங்க, இந்தக் காலத்துப் பொடுசுக" என்றாள் காளியாத்தாள். "இழுத்துப்போட்டு, பத்தரமாப் பூட்டியும் போட்டுப் போயிருக்குதுங்களே. நல்ல வளர்ப்பு."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பூட்டைப் பார்த்தார்கள். பொங்கியண்ணன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அவ்வளவு மரியாதை மிச்சமிருந்தது. தேர்தல் அங்கேயே முடிந்துவிட்டது என்று பாலகோபால் நினைத்தான். பொங்கியண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் நேரம் போய்க்கொண்டிருந்தது, இத்தனை பேரும் தண்ணீருக்காக நின்றுகொண்டிருந்தார்கள், வேறு வழியில்லை.

"இருங்க" என்றார். "என்றகிட்ட ஏதாச்சும் சாவி கெடக்குதான்னு பாக்கறேன்."

இடுப்புப் பையிலிருந்து சாவியை எடுத்தார். ஒரே ஒரு சாவி. தேட வேண்டியிருக்கவில்லை. பூட்டைத் திறந்து, இரண்டு கையாலும் கைப்பிடியை மேலே தள்ளினார். உச்சியில் ஒரு நீலப் பொறி வெடித்தது.

ஒரு கணம் அமைதி. பிறகு தெற்கே ஒரு மோட்டார் உறுமியது. அடுத்து கிழக்கே ஒன்று. பிறகு மேற்கில் இரண்டு, சேர்ந்தாற்போல. பதினேழும் எழுந்தன. அவரவர் தலை அவரவர் திசைக்குத் தானாகத் திரும்பியது. திருப்பிவிட்டோம் என்று தெரிந்தபின் மெதுவாக மறுபடி நேரே வந்தது.

"அதா, காயல் கட்டி வந்துருச்சு" என்றாள் காளியாத்தாள். "சாமி படத்துக்குக் கீழ வெச்ச சுவிட்சும் வேலை செய்யுது. சாமி பவர் வேற."

இப்போது சிரிப்பு வந்தது. முதலில் சிரித்தவர் பொங்கியண்ணன் அல்ல. அவர் கையில் சாவியோடு, யார் எதைச் சொல்லி முதலில் காறித் துப்புவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார்.

யாரும் துப்பவில்லை. அவர்கள் கலைந்து பந்தலுக்குத் திரும்பினார்கள். ஆனால் கிணற்றில் தண்ணீர் இல்லாதவர் மட்டும் கொஞ்சம் பின்தங்கினார். கம்பத்தருகே வந்து, குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க" என்றார். அவர் பொங்கியண்ணனுக்குப் பங்காளி முறை. இப்போது எந்த முறையும் சொல்லவில்லை. "தக்காளி பூவுல இருக்குதுங்க. வெள்ளிக்கிழமை பாத்து, என்ற மோட்டார் எடுக்கற நேரத்துக்கு மத்ததெல்லாம்... நீங்க நெனைச்சா ஒரு வழி பண்ணலாமுங்க."

பொங்கியண்ணன் சாவியைப் பார்த்தார். இந்த ஒரு கைப்பிடி எல்லாவற்றையும் நிறுத்தும். ஒன்றை மட்டும் ஓடவிடாது. அதைச் சொல்ல வாயெடுத்தார். பிறகு எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லவில்லை.

அவர் நகர்ந்ததும் அடுத்தவர் வந்தார். அவருக்குச் செவ்வாய்க்கிழமை. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் மகனைப் பந்தலிலிருந்து கூட்டி வந்து கும்பிடச் சொன்னார். அடுத்து மேற்குத் தோட்டக்காரர். அவர் தனக்கு ஒன்றும் வேண்டாம், பக்கத்துக்காரனின் இரண்டு போரில் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். டிரான்ஸ்பார்மர் கொண்டுவந்தவரை நன்றியோடு நினைத்துவிட்டு மறந்துபோன ஊர், அதை நிறுத்தக்கூடியவரை ஒருவர் பின் ஒருவராக வந்து பார்த்தது.

பாலகோபால் மேடைக்குத் திரும்ப நடந்தான். வழியில் ராசாத்தாள் இலைக்கட்டோடு நின்று, கம்பத்தடியில் சேர்ந்திருந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங் தம்பி அது, இன்னொரு பந்தியா?"

"ஆமாங்கம்மா. அங்க அண்ணன்தான் பரிமாறறாரு."

அவள் உற்றுப் பார்த்தாள். வரிசையின் கடைசியில் ஒரு முழுக்கை வெள்ளைச் சட்டை தெரிந்தது. செங்கோட்டையன் யாரையும் முந்தவில்லை. தன் முறை வரும்வரை, துண்டை எடுத்து முழங்கையில் போட்டுக்கொண்டு, பொறுமையாக நின்றார். முறை வந்ததும் ஒரு அடி முன்னால் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி பேசுகிறவர், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காதபடி கேட்டார்.

"தலைவருங்களே, நம்ம ரண்டு போருக்கும் என்ன பண்ணலாமுங்க?"

பொங்கியண்ணன் சாவியை இடுப்புப் பையில் போட்டு, பையின் வாயைச் சுருக்கி இழுத்தார்.

"பாத்துச் செய்யலாமுங்க" என்றார்.